வாசலில் பனி தள்ளியவர்

ஓய்வு பெற்றதிலிருந்து ஆர்வில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கனடாவின் வின்னிபெக் நகரத்து வீட்டைப் பூட்டிவிட்டு அரிசோனா வெயிலுக்குப் போய்விடுவார். ஊரிலேயே கிடந்து நடுங்குகிறவர்கள் என்றால் அவருக்கு இளக்காரம். ஒருநாள் நீச்சல் குளத்தருகே படுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு நெல்சனைச் சீண்டுவதற்காகவே போன் செய்தார்.

“என்னடா, இன்னும் விறைச்சுப் போகலையா?”

“நக்கலா? நீதான் என் கண்ணு முன்னாடி உன் வாசல்ல பனி தள்ளிட்டு நிக்கிற. கையில போனே இல்லாம எப்படிடா பேசுற?”

ஆர்வில் சிரித்தார். “அந்த ஆள்கிட்டயே குடு.”

பூட்ஸ் பனியில் நொறுநொறுவென்று மிதிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஆர்விலின் குரலே ஆர்விலிடம் பேசியது.

“வெயிலுக்கு ஓடிப்போனவனோட எனக்கென்ன பேச்சு? இங்க வீட்டுக்கு ஆள் இருக்கு. நீ வர வேணாம்.”

போன் மறுபடி நெல்சனிடம் வந்தது.

“கேட்டுச்சில்ல? சரி, குளிருது. நாங்க ரெண்டு பேரும் காபி குடிக்கப் போறோம். வச்சிடுறேன்.”