தடைக் கம்பத்துக்கு அப்பால்

"நேர்த்தியும் மண்ணாங்கட்டியும்! ரோட்டைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள். அதுக்குள்ளை நீ மலையேறப் போறியோ?"

முழங்காலுக்குத் தைலம் பூசியபடியே கணவர் வரதராசா சீறினார். கண் தொலைக்காட்சியை விட்டு அசையவில்லை.

கலாவதிக்கு வாய் திறந்தால் அழுகைதான் வரும். கைப்பேசியில் மலை வெப்கமராவின் படத்தை மறுபடி பெரிதாக்கினாள். மாதா சிற்றாலயத்தின் கூரை மட்டும் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளை, பாழாய்ப்போன வெள்ளை.

செவ்வாய்க்கிழமை மகள் தர்மிகாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை அவள். வளர்ந்த பிறகு கத்தி வைக்கத்தான் வேண்டுமென்று டொக்டர்மார் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

கலாவதியும் அப்போதே நேர்ந்துவிட்டாள். "மாதாவே, என்ர பிள்ளையிலை கத்தி படமுன்னம் உன்னட்டை நடந்து வந்து மெழுகுதிரி கொளுத்துவன்." வீட்டில் பிள்ளையார், மலையில் மாதா, சுவிஸுக்கு வந்த நம்முடைய சனத்துக்கு இதிலெல்லாம் பேதமா என்ன? ஆனால் அந்தக் கத்தி மே மாதத்துப் பனிக்குள் வந்து நிற்குமென்று பாவம், அவள் கண்டாளா!

கோடையில் பஸ் ஆலய வாசலுக்கே போகும். வருசா வருசம் மூவருமாகப் போவார்கள். வரதராசா மட்டும் உள்ளே கால் வைக்க மாட்டார், பஸ் தரிப்பில் நின்று சிகரெட் பிடிப்பார். இப்போதோ அடிவாரக் கிராமத்திலேயே ரோட்டுக்குக் குறுக்கே தடைக் கம்பம். கேபிள்கார் பராமரிப்புக்காக நிறுத்தம். பின்பக்கப் பாதையைப் பனிச்சரிவு மூடிவிட்டது. "ஜூன் கடைசியில் வாருங்கள், பூவெல்லாம் பூத்திருக்கும்" என்றாள் சுற்றுலா அலுவலகத்துப் பெண், நல்ல மனசோடுதான்.

"நீங்களும் வாங்கோவன். ரெண்டு பேராய்ப் போனால் பயமில்லை" என்று கெஞ்சினாள் கலாவதி.

"கல்லுச் சிலையோ டொக்டருக்குப் படிப்பிச்சது? பேசாமல் இரு. போனியெண்டால் தெரியும்!"

கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். பல்கணியில் அவருடைய வேலைச் சப்பாத்துகள் தெப்பலாய் நனைந்து கிடந்தன. நேற்று ஓவர்டைம் என்று போனவர், தொழிற்சாலையில் தரை கழுவினதாகவும் படியில் சறுக்கினதாகவும் சொல்லிக்கொண்டு நொண்டி நொண்டி வந்திருந்தார். கோபம் கோபமாகவே பழைய பேப்பரைக் கசக்கி அவற்றுக்குள் அடைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் மகளோடு இருந்தார். "எனக்கு இண்டைக்கு வேலை" என்று பொய் சொல்லிவிட்டு எம்மன்புரூக்கேயில் ரயில் ஏறினாள் கலாவதி.

தடைக் கம்பத்தின் கீழே குனிந்து புகுந்தாள். கொஞ்சத் தூரம் வெறும் தார் ரோட்டு. பிறகு ஈரப் பனி, கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு. ஒரு வளைவு தாண்டியதும் ரோட்டும் இல்லை, மஞ்சள் வழிகாட்டிப் பலகையும் இல்லை. எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் வழி என்றே தெரியவில்லை.

அப்படியே குந்திவிட்டாள். விரல்கள் விறைத்துவிட்டன. "மாதாவே, வழியைக் காட்டு! இல்லாட்டி என்னையும் இதுக்குள்ளையே மூடிவிடு!" ஒரு மனித சீவன் இல்லாத அந்த மலையில் வாய்விட்டு ஓலமிட்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துப் பார்த்தபோதுதான் அவை தெரிந்தன. காலடிகள். வெயிலில் கொஞ்சம் உருகிப்போன, பெரிய பெரிய காலடிகள். யாரோ அவளுக்கு முன்னமே இந்த வழியால் போயிருக்கிறார்கள்!

அந்தக் குழிகளுக்குள்ளேயே காலை வைத்து வைத்து ஏறினாள். பாதையோர மரச்சிலுவையடியில் அடிகள் ஒரு பெரிய பள்ளத்துக்குள் போய், அப்பால் மறுபடி தொடங்கின. போனவர் புதைந்து, கையால் பனியை விறாண்டி வெளியே வந்த அடையாளம். அதைச் சுற்றி வளைத்து நடந்தாள்.

ஆலயக் கதவு பூட்டியிருக்கவில்லை. மாதாவின் காலடியில், மணல் தட்டில், பாதி எரிந்து அணைந்த மெழுகுதிரி ஒன்று நின்றது. அதன் பக்கத்திலேயே தன்னுடையதைக் குத்திக் கொளுத்தினாள் கலாவதி.

"என்ர பிள்ளையைத் திருப்பித் தா, தாயே" என்று கும்பிட்டாள். பிறகு அந்தப் பாதித் திரியைப் பார்த்தாள். இந்தப் பனிக்குள் உயிரை வெறுத்து வருவதென்றால் அந்தச் சீவனுக்கு என்ன தவிப்போ! "இதைக் கொளுத்தின ஆளின்ர பிள்ளையையும் காப்பாத்து."

மனம் லேசாகிவிட்டது. இனி ஒளிப்பதில் என்ன இருக்கிறது? வரதராசாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் வேலைக்குப் போகேல்லை. மாதாட்டை வந்திட்டன். பேசுறதெண்டால் பேசுங்கோ, கேக்கிறன்."

மறுமுனையில் தர்மிகாவின் கட்டிலடி மெசின் துடிக்கிற ஒலி மட்டும் கேட்டது. வெடிக்கப் போகிறார் என்று கலாவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இறங்கேக்கை அந்தச் சிலுவையடியிலை கவனம், கலா. நான் இடுப்பளவுக்குப் புதைஞ்சது அதிலைதான்."