கடைசி வீடு

எல்சாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள் ஜெமீலா. களவெடுத்தவளைப் பிடித்துக்கொண்டு போவது போலத்தான் இருந்தது.

"இன்னும் கன வீடு இரிக்கி. நடங்க மிஸ்!"

பின்னேரம் ஜீப் வந்து எல்சாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். சூறாவளி அடித்த கையோடு நோர்வேயிலிருந்து தொண்டு செய்ய வந்தவள் அவள். அகதிக் குடிசைகளிலிருந்த குழந்தைகளுக்குப் பால்மா கொடுக்கும் நிலையத்தை அவள்தான் நடத்தினாள்.

அந்தப் பால்மாவில் பாதி மாயமாய்ப் போனது. வெள்ளைக்காரி விற்றுத் தின்றுவிட்டாள் என்று ஊரெல்லாம் கதை. பால்மா கிடைக்காமல் மெலிந்து மெலிந்து செத்தது ஜெமீலாவின் பிள்ளை.

ஆகவே ஊருக்கு இந்தக் காட்சி இனித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், பறித்தவளை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பிழை பொறுக்கக் கேட்க வைக்கிறாள். வேலியோரம் நின்ற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

தூரப் பயணம் போகிறவர்கள் ஊராரிடம் பிழை பொறுக்கக் கேட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். வெள்ளைக்காரிக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே ஜெமீலாதான்.

"அடுத்த ஆளுக்கு உரியதத் திண்டா, அந்த ஆள் பொறுக்காம அல்லாஹ்வும் பொறுக்கமாட்டான். விளங்கிச்சா மிஸ்?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். எல்சா தலையாட்டினாள்.

ஜெமீலாவுக்கு அக்கா முறையான சுஹறாவின் வாசலில் எல்சா பாடமாக்கிய தமிழில் கேட்டாள். "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க."

"பொறுத்தன் மகள். நானும் ஏதும் கதைச்சிருந்தா நீயும் பொறுத்துக்க."

எல்லா வீட்டிலும் அப்படித்தான். பொறுத்தேன் என்று சொல்கிறவர் பதிலுக்குத் தானும் கேட்காமல் விடுவதில்லை. எல்சாவும் ஒவ்வொருவருக்கும் "பொறுத்தன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் கண்கள் சிவந்துவிட்டன.

சுஹறாவுக்கே மனம் கேட்கவில்லை. ஜெமீலாவைத் தனியே இழுத்தாள்.

"போதும் புள்ள. அழுறாளே, பாவம். விட்டுரு."

"விடமாட்டன் ராத்தா. என்ட புள்ள மவுத்தானதுக்கு ஒராளெண்டாலும் ஊர் பாக்கத் தல குனியத்தான் வேணும்."

கடைசி வீடு காலிதீன் முதலாளியுடையது. ஊர் சார்பில் பால்மா நிலையத்துக்குத் தலைவர் அவர்; பால்மா வைத்த அறையின் சாவியும் அவர் கையில்தான். வெள்ளைக்காரியின் களவை முதன்முதலில் ஊருக்குச் சொன்னவரும் அவர்தான். அடுத்த கிழமை ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார் என்பதால் வழியனுப்ப வந்த கூட்டம் வாசல் நிறைய இருந்தது.

எல்சா அவருக்கு முன்னால் நின்றாள். "ஏதும் பிழை செஞ்சிருந்தா..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். ஜெமீலா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். எல்சா மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

முதலாளி கூட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பெருந்தன்மை காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"பொறுத்தன் மகள். மனிசருக்குப் பிழை வாறதுதான். பால்மா என்ன பெரிய பால்மா! அல்லாஹ்வுக்காகப் பொறுத்தன்."

"மாஷா அல்லாஹ்" என்றது கூட்டம். அந்தச் சூட்டோடு வழக்கப்படி அவரும் கேட்டார். "நானும் மக்காவுக்குப் போறவன். நீயும் என்னப் பொறுத்துக்க."

எல்சா அவருக்கு மட்டும் "பொறுத்தன்" சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு ஓரமாக விலகி, ஜெமீலாவை முன்னே விட்டாள்.

முதலாளியின் முகம் மாறியது. பிள்ளை செத்த நாளிலிருந்து ஜெமீலா இருக்கும் பக்கமே அவர் கால் வைத்ததில்லை. ஆனால் இப்போது ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்காமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"நீயும்தான் புள்ள. என்னப் பொறுத்துக்க."

ஜெமீலா அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"என்ட புள்ளைக்கு வந்த பால்மாவ வித்தவர நான் பொறுக்க மாட்டன், முதலாளி."