வலைக்கு அந்தப் பக்கம்

மலைமேலுள்ள வாழவந்தி நாட்டில் தங்கள் பிராய்லர் கோழிக் கொட்டகையை நடுவில் வலை கட்டிப் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் வசவு மட்டும்தான்.

“முருங்கைத் தழையைத் தின்னா கோழி கொழுக்குமாடா, கிறுக்கா?” என்றான் அண்ணன் தனபால்.

“உன்ற கம்பெனி மருந்துல வளர்ந்ததை நாய்கூடத் திங்காது, போ!” என்றான் செல்லமுத்து. தீவனத்தில் தழையை அரைத்துக் கலப்பவன் அவன்.

எடை போட்டபோது தனபாலின் கோழிகள்தான் கனத்தன. கோழி ஏற்ற வந்த லாரிக்காரர் முன்னாலேயே அவன் கத்தினான்: “இனிமே தழையை நீயே தின்னுடா!”

லாரி மலையிறங்கியதும், பல்லைக் கடித்தபடி செல்லமுத்து பின்பக்கப் புதருக்குப் போனான். தன் கோழிகளுக்குத் திருட்டுத்தனமாகக் கொடுத்த கம்பெனி மருந்தின் காலிப் புட்டிகளை உள்ளே வீசினான்.

அங்கே ஏற்கெனவே ஒரு சாக்கு கிடந்தது, அண்ணன் பேர் எழுதியது. அது நிறைய, இலை உருவிய முருங்கை ஈர்க்குகள்.