நரி வராத கோடை

நரி வந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

உள்ளான் பறவையின் குஞ்சுகள் பாசிமேட்டில் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்திரண்டு கூடுகளில் முப்பத்தொன்று பொரித்துவிட்டன. போன கோடையில் ஐந்துதான்.

இதுவும் எலி இல்லாத ஆண்டுதான். எலி இல்லாவிட்டால் நரி முட்டைக்கு வரும். வரிசையாகக் கூடுகளைக் காலி செய்யும். வடதுருவத்துப் பறவை ஆய்வு முகாமில் இருப்பவர்கள் அதையும் எண்ணி வைப்பார்கள்.

முகாமை நடத்தும் ஒடீல் போட்ட ஒரே விதி அதுதான். எண்ணலாம், குறுக்கே போகக் கூடாது. போனவர்களுக்கு அடுத்த கோடையில் இடமில்லை.

கரடி வருகிறதா என்று பார்ப்பது மீகாவின் வேலை. கையில் இருந்த துப்பாக்கியும் கரடிக்கு மட்டும்.

குடிசையை ஒட்டியே ஒரு கூடு இருந்தது. பெட்டை நான்கு முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது. இந்த வகை உள்ளானில் ஆண்தான் அடைகாக்கும். ஆலங்கட்டி விழுந்தபோதுகூட அது எழுந்திருக்கவில்லை. மீகா தேநீரோடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு கரடி பார்க்க மேட்டுப் பக்கம் போவாள், பையில் மீன் கருவாட்டோடு.

ஊருக்குக் கிளம்பும்போது ஒடீல் கேட்டாள், இந்த வாரம் நரி கண்ணில் பட்டதா என்று.

மீகா மூக்கைச் சுருக்கினாள்.

இல்லை என்பதற்கு மீகாவின் ஊரில் அது போதும். ஆம் என்றால் புருவம் உயரும். ஆறு கோடைகளில் ஒடீலுக்கும் அது பழகிவிட்டது.

அதில் பொய்யும் இல்லை. அந்த வாரம் நரி யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது மற்றவர்கள் வெளியே கூடாரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மீகா ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாலை ஏழு மணி என்றால், மீன்பிடிக்கப் போனவர்கள், மான் வேட்டைக்குப் போனவர்கள் எல்லோரும் அதே அலைவரிசையில் தங்கள் ரேடியோ முன்னால்தான் இருப்பார்கள். அப்பாவும் எங்கோ ஆற்றோரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதலில் வந்தது அத்தையின் குரல்.

"ஏண்டி, உங்கப்பன் குடுத்தனுப்பின கருவாடு மூட்டையோட காலியாமே! கரடிய விரட்டப் போனியா, கரடிக்கு விருந்து வெச்சியா?"

ரேடியோவில் நாலைந்து வேட்டைக் கூடாரங்களிலிருந்து சிரிப்பு வந்தது.

"சரி சரி, எனக்குக் கொஞ்சம் வழி விடுங்க," என்று ஒடீல் நுழைந்தாள். "மீகா, நாளைக்குக் காலையில ஹெலிகாப்டர் வந்துடும். முகாமை மூடிடலாம். நான் இன்னிக்கே கணக்கை அனுப்பணும். முப்பத்தொண்ணு! யாரும் நம்ப மாட்டாங்க. நரிக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு ஏதாவது தெரியுமா?"

மீகா மூக்கைச் சுருக்கினாள்.

ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது.

"மீகா? இருக்கியா? உன் மூஞ்சி இங்க தெரியாதும்மா. வாயத் தொறந்து சொல்லு."

மறுபடியும் சிரிப்பு. அதில் அப்பாவின் சிரிப்பும் இருந்தது.

திறந்த கதவு வழியே குடிசையோரக் கூடு தெரிந்தது. முந்தாநாள் ஆண் உள்ளான் நான்கு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விட்டது. கூட்டில் முட்டை ஓட்டுத் துணுக்குகள் மட்டும் கிடந்தன.

பையில் மீன் இல்லை. நாளைக்கு மேட்டுப் பக்கம் போக ஆளும் இல்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள். சிரிப்பு நின்றது.

"நரிய நான்தான் சுட்டேன், ஒடீல்."

விரலை எடுக்கவில்லை. எடுத்தால் யாராவது பேசிவிடுவார்கள்.

"சுட்டப்புறம் கிட்டப் போய்த்தான் பாத்தேன். பால் குடுத்துக்கிட்டிருந்த நரி. அப்பாவோட மீனெல்லாம் அதோட குட்டிங்களுக்குத்தான் போச்சு. அஞ்சு குட்டி. ரெண்டு இன்னும் உசுரோட இருக்கு."