சுவரில் வழிந்த தண்ணீர்

"உங்க மாடித் தண்ணி எங்க சுவத்துல வழியுது. கேக்க ஆளே இல்லையா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். பக்கத்து வீட்டம்மாவின் குரலுக்கு அந்தத் தூரமெல்லாம் எந்த மூலைக்கு!

"அம்மா, என் மனைவிக்கு ஆபரேஷன் முடிஞ்சு இப்பத்தான் கண்ணைத் தொறந்திருக்கா..."

"தெரியும். ஆம்புலன்ஸ் எங்க வாசலை அடைச்சுக்கிட்டுதானே நின்னுச்சு! சுவத்துக்குப் பதில் சொல்லுங்க."

"மேஸ்திரிகிட்ட சொல்றேம்மா."

போன் கட்டாகிவிட்டது.

மாடி கட்ட ஆரம்பித்ததிலிருந்தே இந்தக் கூத்துதான். ஜல்லி கொட்டினால் சண்டை. கம்பி வெட்டினால் சண்டை. சென்ட்ரிங் பலகை அடித்தால் மதியத் தூக்கம் போச்சென்று சண்டை.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள் காலை, ஆட்கள் தளத்தில் பாத்தி கட்டிவிட்டுப் போன கையோடு மனைவிக்கு வயிற்றுவலி. போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். பாத்தியில் தண்ணீர் நிற்காமல் வெயிலில் காய்ந்தால் தளம் வெடிக்கும்; ஆயுசுக்கும் ஒழுகும். தண்ணீர் விடச் சொல்லலாம் என்றால் மேஸ்திரி போனையே எடுக்கவில்லை. ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் தளம். மனுஷன் தவித்துப்போயிருந்தார்.

"போன்ல யாரு?" என்றாள் மனைவி, அறைக்குள் வந்தவரிடம், படுத்தபடியே.

"வேற யாரு, நம்ம பீரங்கிதான். சுவத்துல தண்ணி வழியுதாம்."

"வழியுதா? அப்ப தளத்துல தண்ணி நிக்குதுன்னுதானே அர்த்தம்?"

"அட, ஆமா! மேஸ்திரி போனைத்தான் எடுக்கல, வேலையைப் பாத்துட்டான். தங்கமான மனுஷன்!"

அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்தார்.

மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாளும்.

"இன்னைக்கும் வழியுது. இது சுவரா, அருவியா?"

"மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லி வைத்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருத்தி பிழைச்சு வந்திருக்கா, எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுச்சா பாரு. மனசா அது, கருங்கல்லு!"

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் படுக்க வைத்துவிட்டு நேரே மேலே ஏறினார். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் தளும்பியது. தளத்தில் ஒரு கீறல் இல்லை.

படியேறி வந்த மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலப்பா!"

மேஸ்திரி தலையைச் சொறிந்தான். "ஏன் சார் குத்திக் காட்டுறீங்க? வேற சைட்ல மாட்டிக்கிட்டேன், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. நீங்களே ஆள் வெச்சிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நானா?"

அப்போதுதான் கவனித்தார். பக்கத்து மொட்டை மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு பச்சை ஹோஸ் வந்துகொண்டிருந்தது. அதன் மறுமுனையில், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, பீரங்கி.

"அம்மா... நீங்களா?"

"பின்ன, பூதமா வந்து ஊத்தும்? எனக்குச் சண்டை உங்களோடதான். தளத்தோட என்ன சண்டை? ஆமா, அந்தப் பொண்ணு எழுந்து நடக்குதா?"

"நடக்குறாம்மா." அவர் கைப்பிடிச் சுவரை நெருங்கினார். "அப்புறம் ஏம்மா தினமும் போன் போட்டுத் திட்டினீங்க?"

அந்தம்மா முதல் தடவையாகக் குரலைத் தணித்தார்.

"தண்ணி விட்டாச்சு, கவலைப்படாதீங்கன்னு சொல்லத்தான் தம்பி ஒவ்வொரு தடவையும் போனை எடுத்தேன். என்ன பண்றது, உங்க 'ஹலோ'வைக் கேட்டதும் பழக்கதோஷத்துல வாய் சண்டைக்குப் போயிடுது!"