லொகாதெல்லி அம்மாவுக்கு ரூம் இல்லை

"ரூம் இல்லீங்க" என்றார் விடுதிக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அப்ப அதெல்லாம் என்ன, தோரணமா?" என்று கேட்டாள் ஓர்னெல்லா லொகாதெல்லி.

"அதுக்கெல்லாம் ஆள் வராங்கம்மா" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

இதற்கு முன் ஏறி இறங்கிய விடுதிகளிலும் இதே பாட்டுத்தான். ஓர்னெல்லா பெட்டியைக் கல் பாவிய தெருவில் தடதடவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் கணவர் தூல்லியோ வியர்வையைத் துடைத்தபடி வந்தார். ஆகஸ்ட் மாத மத்தியான வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

வடக்கே பெர்கமோவில் விமானம் ஏறும்போது கையில் இருந்த வாடகை வீடு, தெற்கே பிரிந்திசியில் இறங்கும்போது இல்லை. 'தவிர்க்க முடியாத குடும்பக் காரணம், மன்னிக்கவும்' என்று செல்போனில் ஒரு வரி வந்திருந்தது.

"குடும்பக் காரணமாம்! எவனாவது நாலு காசு கூடக் கொடுத்திருப்பான். தெக்கத்தி ஆளுங்க புத்தி தெரியாதா எனக்கு?"

"மெதுவாப் பேசு, காதுல விழப்போகுது" என்றார் தூல்லியோ.

"விழட்டுமே!"

அவள் உல்லாசப் பயணமாக வரவில்லை. ஒரே மகன் அலெஸ்ஸியோ, கட்டினால் இந்த ஊர் மரிலேனாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெண்ணை ஒரு தடவை பார்த்தாயிற்று, பெற்றவர்களைப் பார்த்ததில்லை. மகனுக்குத் தெரியாமல் இங்கே தங்கி, அந்த செமெராரோ குடும்பத்தை மோப்பம் பிடித்து, ஏதாவது ஓட்டை அகப்பட்டால் கல்யாணத்தை நிறுத்திவிடுவது என்பது அவள் திட்டம். மகன் வேலையாக ரோமுக்குப் போகிறேன் என்று கிளம்பியதும் இவளும் கிளம்பிவிட்டாள்.

சதுக்கத்தில் ஒரு காப்பிக் கடை திறந்திருந்தது. கடைக்காரர் கொசிமோ, கேட்காமலே ஓர்னெல்லாவுக்கு ஐஸும் பாதாம் பாலும் போட்ட காப்பி கொண்டுவந்து வைத்தார். தூல்லியோவுக்கு வெறும் கறுப்புக் காப்பி.

"பார்த்தியா, எனக்குப் பாதாம் பால், உனக்கு வெறுங்காப்பி. கஞ்சத்தனத்துலகூட ஒரு ஒழுங்கு இல்ல."

"எனக்குத்தான் சர்க்கரை வியாதியாச்சே, விடு."

"அது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? கஞ்சத்தனம்தான்."

கொசிமோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே மேசையைத் துடைத்தார். அப்புறம், "எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க. கேட்டுப் பார்க்கட்டுமாம்மா?" என்றார். போனில் அவர் பேசியது ரொம்பக் கொஞ்சம். "வரச் சொல்றாங்க."

அந்த அத்தை அசுந்தா வாசலிலேயே நின்றாள். பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, "முதல்ல சாப்பாடு, அப்புறம் பேச்சு" என்றாள். அறையில் மொடமொடவென்று இஸ்திரி போட்ட பூவேலைப் படுக்கை விரிப்பு. மேசையில் காது போல வளைந்த பாஸ்தா, கத்திரிக்காய், அன்றைக்குத் திரட்டிய பாலாடைக்கட்டி. அடுப்படியில் யாரோ பாத்திரங்களை லொடலொடவென்று உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது தட்டுக்கு வந்ததும் ஓர்னெல்லாவின் கோபம் இறங்கியது, வாய் இறங்கவில்லை.

"வாடகை எவ்வளவும்மா?"

"அதுக்கென்ன அவசரம்? சாப்பிடுங்க."

"இந்த ஊர்லயே நீங்க ஒருத்திதான் மனுஷி. ஆமா, செமெராரோ குடும்பத்தைத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

"எப்படிப்பட்ட ஆளுங்க?"

அசுந்தா கொஞ்சம் யோசித்தாள். "வாய் சாஸ்தி. ஆனா பசின்னு வந்தவங்கள விடமாட்டாங்க."

"அந்த வீட்டுப் பொண்ணுதான் என் பையனை மயக்கி வெச்சிருக்கா. ராஜா மாதிரி வளர்த்தவன் அவன், வீட்டுல குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வெச்சதில்ல! சொன்ன சொல்லு ஒண்ணையும் காப்பாத்தாத ஊருக்கா அவனை அனுப்புவேன்? இன்னிக்கு ஒரு நாள் பட்ட பாடே போதும். இப்பவே ரோமுக்குப் போன் போட்டு, அவளா நானான்னு கேட்டுடறேன்."

தூல்லியோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்படிச் சத்தம் சட்டென்று நின்றது.

அசுந்தா கோபப்படவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க பேர் குடுத்துப் பதிவு பண்ணின வீடு என் தம்பியோடது. மாப்பிள்ளையப் பெத்தவங்க எங்க ஊருக்கு வந்து காசு குடுத்துத் தங்கினாங்கன்னா, பொண்ணப் பெத்தவங்க நாங்க தெருவுல தலைகாட்ட முடியாது. அதான் ஊரு முழுக்கச் சொல்லிவெச்சேன், லொகாதெல்லி வந்தா ரூம் கிடையாதுன்னு."

ஓர்னெல்லாவின் கையில் போன் அப்படியே நின்றது. உள்ளே ஒரு தட்டு விழுந்து உடைந்தது.

"ரோமுக்கு எதுக்குப் போன்? உங்க ராஜா அடுப்படியிலதான் பாத்திரம் கழுவிட்டிருக்காரு, சம்பந்தி."