மாமியார் காய்ச்சிய எண்ணெய்

டைபாய்டு வந்து போனதில் நவநீதத்தின் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, மிஞ்சியது தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. அதை மீட்டவள் மாமியார் கெங்கம்மாள்தான். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பவள், கரிசலாங்கண்ணி அரைத்து எண்ணெய் காய்ச்சி, மருமகளை உட்காரவைத்துத் தன் கையாலேயே தேய்த்துவிட்டாள். "எங்கம்மாவா இது?" என்று மகன் செங்கல்வராயனே வியந்தான். இப்போது நவநீதத்தின் பின்னல் இடுப்பைத் தாண்டிவிட்டது.

"பெத்த தாய்கூட இப்படிப் பாத்துக்க மாட்டா, அத்தே," என்றாள் நவநீதம், கண் கலங்க.

"இருக்கட்டும்டி. நாளைக்குக் கிருத்திகை. திருத்தணி போறோம்."

"இன்னா விசேஷம்?"

கெங்கம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். "என் புள்ளைக்கு ஆவடி பேக்டரில வேலை கெடைச்சா, மருமவ முடியைத் தர்றேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன். வேலை கெடைச்சுது. அதுக்குள்ள உனக்குக் காய்ச்சல் வந்து கொட்டிப் பூடுச்சு. நார் மாதிரி முடியைச் சாமிக்குத் தரலாமா? அதான் வளத்தேன்."

நவநீதம் பின்னலை முன்னால் இழுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு சாதுவாகச் சொன்னாள்.

"நானுந்தான் வேண்டிக்கினு கீறேன், அத்தே. முடி பழையபடி வளந்தா, மாமியார் முடியைத் தர்றேன்னு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துடலாம்."

கெங்கம்மாளின் கை தானாகத் தன் கொண்டைக்குப் போனது.

"ஏன்டி, பூமுடின்னு ஒண்ணு கீதே! நுனியில கொஞ்சூண்டு கத்தரிச்சுக் குடுத்தா, முருகன் வேணாம்னா சொல்லப் போறாரு?"